மோட்டார்ப் பந்தயப் படங்களும் அவற்றைத் தொகுப்போரும்

மக்கள் தொகுத்து வைக்கும் பொருள்கள் பலவாம். தபால் தலை, பழங்காசு, பெரியோர் கையெழுத்து, தீப்பெட்டிச் சித்திரம் என இவ்வரிசை நீண்டு செல்லும். தொகுப்போர் ஒவ்வொருவரும் தத்தம் ஆர்வத்திற்கு ஒரு காரணம் கூறுவர். கேட்போர் பெரும்பாலும் நகைத்துவிட்டு அகல்வர். யாமும் அவ்வாறு நகைத்தவரே. ஆயின் சென்ற கோடை விடுமுறையில் எம் நகைப்பு அடங்கிற்று. அஃது அடங்கிய வரலாற்றையும், பின்னர் எம் உள்ளத்தெழுந்த கருத்தையும் எம் கல்லூரி அன்பர்முன் வைக்க விரும்புகின்றோம்.

எம் வகுப்புத் தோழர் ஒருவரின் பெரியப்பா பழைய மோட்டார் வண்டிகளில் அளவிறந்த ஈடுபாடுடையவர். வண்டி வாங்கப் பணம் போதாமையால் வண்டி ஓடும் படங்களைத் தொகுக்கலானார் என்று தோழர் எள்ளுவதுண்டு. அவர் இல்லத்திற்கு யாம் ஒருநாள் சென்றபோது, 1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி கிரௌட் ரோர்ஸ்' என்னும் பேசும் படத்தை எமக்குக் காட்டினார். கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது என்பது அப்பெயரின் பொருள். அவர் அதனைக் காட்டிய முறையே எமக்குப் பெருவியப்பாயிற்று. காதலர் இருவர் உரையாடத் தொடங்கினால் விரைந்து ஓட்டிவிடுவார். பந்தய வண்டிகள் தோன்றினாலோ நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "தம்பி, கதையை விடு; பின்னாலே பார்" என்பதே அன்று அவர் எமக்கு அருளிய உபதேசம் முழுவதும். இலக்கிய மாணவராகிய எமக்கு இது பொறுக்கத்தகாத குற்றமாகப்பட்டது. அங்ஙனமாயின் சிலப்பதிகாரத்திற் கண்ணகியை விட்டுவிட்டுப் புகார் நகரத்து அங்காடியை மட்டும் படிக்கலாமே என்று வாதிட்டோம். "உங்கள் புரொபஸர்கள் அப்படியும் படிக்கிறார்களே" என்றார். அதற்கு மறுமொழி எம்மிடம் இருந்திலது.

கதையை முதலிற் கூறி முடித்துவிடுவோம், அது நெடியதன்று. ஜோ கிரீர் என்பவன் பேர்பெற்ற பந்தய ஓட்டி. அவன் தம்பி எட்டியும் அத்தொழிலிற் புக அவாவுகின்றான். தமையன் முதலில் தடுக்கின்றான். பின்னர்ப் பெண்கள் இருவர் காரணமாக உடன்பிறந்தார்க்குள் பகை மூள்கின்றது. ஜோ மதுவுண்டு வெறியோடு வண்டியோட்ட, இருவர்க்கும் இடையே புகுந்து விலக்க முயன்ற நண்பன் ஸ்பட் வண்டியோடு எரிந்து மாள்கின்றான். உள்ளம் உடைந்து அலைந்த ஜோ, முடிவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் தம்பியோடு மீண்டும் கூடுகின்றான். ஜோவாக ஜேம்ஸ் காக்னியும், தம்பியாக எரிக் லிண்டனும், ஸ்பட்டாக பிராங்க் மக்ஹியூவும், பெண்களாக ஜோன் பிளாண்டலும் ஆன் டிவோராக்கும் நடித்தனர். டைரக்டர் ஹோவர்டு ஹாக்ஸ் இளமையிற் பந்தய வண்டி ஓட்டியவர். அவர் தம்பி கென்னத் ஹாக்ஸ் தாமும் டைரக்டராய் இருந்து, 1930 ஜனவரி 2ஆம் நாள், ஒரு படத்திற்காக வானத்திற் காட்சி எடுத்துக்கொண்டிருக்கையில் விமானங்கள் இரண்டு மோதியதால் மாண்டார். அவரோடு மாண்டவரையும் சேர்த்துப் பதின்மர். ஈராண்டு கழித்துத் தமையன் தம்பியர் கதையொன்றை ஹாக்ஸ் எடுத்ததற்கும் இதற்கும் தொடர்புண்டோ என்று துருவுதல் எம் வேலையன்று. ஆயினும் அறிந்த பின்னர் மறந்துவிட்டுப் பார்த்தல் அரிது.

இனிப் பெரியவர் பார்க்கச் சொன்ன பின்புறத்தைப் பார்ப்போம். இண்டியானாபோலிஸ் பந்தயத் தடம் 1909இல் தோன்றியது. முதலிற் பரப்பிய கல்லும் தாரும் பெயர்ந்து உயிர்ச்சேதம் நேரவே, அவ்வாண்டு முடியுமுன்னரே ஏறத்தாழ 32 லட்சம் செங்கற்களைத் தடம் முழுவதும் பதித்தனர். ஒரு சுற்று இரண்டரை மைல்; 200 சுற்று ஓடின் 500 மைல். உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக 1911 முதல் ஆண்டுதோறும் நிகழ்வது அப்பந்தயம். 1932ஆம் ஆண்டுப் படத்தில் அத்தடம் இன்னும் செங்கல்லாகவே இருக்கின்றது. பின்னர்ச் சிறிது சிறிதாக அதன்மேல் தார்க்கலவை இட்டு, 1961இல் எஞ்சியதையும் மூடிவிட்டனர். முடிவுக் கோட்டில் 3 அடி அகலமுள்ள செங்கற் பட்டையொன்று நினைவிற்காக விடப்பட்டுள்ளது. தடத்தருகே கீழ்நாட்டுக் கோயில் போன்ற அடுக்குக் கூரையுடன் நின்ற கோபுரம் 1926இற் கட்டியது. அதனையும் 1956இல் இடித்துவிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அஸ்காட் தடமோ எண்ணெய் ஊற்றி இறுக்கிய மண் தடம். ஓட்டிகள் பலரை விழுங்கிய அத்தடம் 1936இல் மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகள் உள்ளன. காதற் கதை எடுக்கப் போந்த படப்பிடிப்பாளர், தாம் அறியாமலே, அழியவிருந்த இடங்களைச் சுருளில் ஏற்றி வைத்தனர்.

இங்ஙனம் நிகழ்வது தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழு நூலாக நமக்குக் கிடைத்தில. புறத்திரட்டு முதலிய தொகை நூல்களும் பழைய உரைகளும் வேறு பயன் கருதி எடுத்தாண்ட செய்யுட்களே எஞ்சியுள்ளன. அவ்வெடுத்துக்காட்டுகளை அருமையெனப் போற்றும் யாம், பெரியவர் பின்புறத்தைப் பார்ப்பதை மட்டும் எவ்வாறு பழிக்க இயலும்?

ஆயினும் இப்படங்களிற் காண்பன யாவும் உண்மையல்ல என்பதை முதலிற் கூறவேண்டும். காக்னியின் முகம் அண்மையில் தோன்றும் காட்சிகளில் வண்டி ஸ்டூடியோவில் நிற்கின்றது. பின்னே ஒரு திரையில் முன்னரே எடுத்த படம் ஓடுகின்றது. சற்றுப் பழகிய கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிதிற் புலனாகும். காதிற்குத்தான் கடினம். 'தி ஜாஸ் சிங்கர்' 1927இல் வெளிவந்து பேசும் படத்திற்கு வழி திறந்தபின், ஓரிரண்டு ஆண்டிலேயே பந்தயப் படங்களும் ஒலிக்கத் தொடங்கின. இண்டியானாபோலிஸிற் காட்சிகள் எடுத்த 'ஸ்பீட்வே' என்னும் 1929ஆம் ஆண்டுப் படம் பேச்சின்றி இசையும் ஓசையும் மட்டும் கூட்டி வெளிவந்தது. 1930இல் 'பர்னிங் அப்', 1935இல் 'ரெட் ஹாட் டயர்ஸ்', 1938இல் 'ரோட் டீமன்' என இவ்வகை பெருகிற்று. இவற்றின் கதைகளைப் பற்றிக் கூறுதற்கு அதிகமில்லை. ஓசை வந்ததால் இப்படங்களுக்குப் புதியதோர் உயிர் வந்தது என்பது உண்மை. எஞ்சின் முழக்கம் தொலைவில் எழுந்து, நெருங்கி, காதைச் செவிடாக்கி, மறுபக்கம் தேய்ந்தொழிவதை ஊமைப்படம் எங்ஙனம் காட்டும்? ஆனால் ஸ்டூடியோக்கள் ஓசைகளைத் தனியே பதிந்து சேமித்து, வேண்டிய படத்தில் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டன. ஆதலின் இவ்வண்டியின் குரல் இதுவே என்று சாதிக்கும் தொகுப்பாளர் கண்ணை நம்புமளவு காதை நம்புதல் தகாது. எம் பெரியவர் இதனை ஒப்பவில்லை. மில்லர் எஞ்சினின் ஒலி தமக்குத் தெரியும் என்றார். அவர் அதனை நேரிற் கேட்டதில்லை என்பதை யாம் நினைவூட்டவில்லை.

இன்னொன்றும் அவர் காட்டினார். அதே கம்பெனியார் அதே கதையை 1939இல் 'இண்டியானாபோலிஸ் ஸ்பீட்வே' என்னும் பெயரால் மீண்டும் எடுத்தனர். பாட் ஓ'பிரையன் தமையனாக நடித்தார். பிராங்க் மக்ஹியூ இரண்டாம் முறையும் அந்நண்பனாகவே வந்து இரண்டாம் முறையும் மாண்டார். செலவைக் குறைக்க முந்தைய படத்தின் பந்தயக் காட்சிகளை வெட்டி இதில் இணைத்தனர். இண்டியானாபோலிஸில் 1930 முதல் 1937 வரை ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டியோடு ஒரு மெக்கானிக்கும் அமர்தல் கட்டாயமாயிருந்தது. 1938இல் அவ்விதி நீங்கிற்று. ஆகவே 1939ஆம் ஆண்டுப் படத்தில் இருவர் அமர்ந்த வண்டி அத்தடத்தில் ஓடக் கண்டால், இதோ பழைய துணித்துண்டு என்று தொகுப்பாளர் துள்ளுவர். பிரெஞ்சு மொழியிலும் இக்கதை 1932இலேயே ழான் காபேனைக் கொண்டு எடுக்கப்பெற்றது. பந்தயக் காட்சிகள் அங்கும் ஹாக்ஸ் எடுத்தனவே. ஒரே ஓட்டம் மூன்று படங்களில் ஓடியதை ஒப்புநோக்கிக் கண்டுபிடிப்பதில் உள்ள இன்பம், பாடபேதம் பார்த்த எவர்க்கும் விளங்கும்.

இப்படங்கள் நம் காலம்வரை வந்து சேர்ந்ததே ஓர் அருஞ்செயல். அக்காலத்துத் திரையரங்கச் சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை; தீப்பற்றாவிடினும் பிசுபிசுத்துப் பொடியாகும் இயல்பின. 1937 ஜூலையில் நியூ ஜெர்ஸியில் பாக்ஸ் கம்பெனியின் சேமிப்பறை எரிந்தபோது, அக்கம்பெனியின் ஊமைப்படங்களுட் பெரும்பாலானவை ஒருங்கே அழிந்தன. நம் தமிழின் முதற் பேசும் படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. அதன் பிரதி ஒன்றேனும் இன்றில்லை. அமெரிக்கப் படங்கள் பல பிழைத்ததற்கு, தீப்பற்றாத 16 மில்லிமீட்டர்ச் சுருள் 1923இல் வந்தது ஒரு காரணம். 1950களில் தொலைக்காட்சி நிலையங்களுக்காக அச்சுருளிற் பிரதிகள் பெருவாரியாக எடுத்தது மற்றொரு காரணம். நிலையங்கள் கழித்த பிரதிகள் தனியார் கைக்குச் சென்றன. அவற்றை வைத்திருந்தோர் ஒரு காலத்திற் கள்வர்போல் நடத்தப்பட்டனர். நடிகர் ராடி மக்டவல் இல்லத்தில் 1974இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் புகுந்து அவர் தொகுத்த படங்களைக் கைப்பற்றினர். வழக்கு ஏதும் தொடரவில்லை. சுவரொட்டியும், திரையரங்க வாயிலில் வைத்த 14 அங்குல நீளமும் 11 அங்குல உயரமுமுள்ள படத்தாள்களும் தொகுப்போர்க்கு இத்தொல்லை இருந்ததில்லை. அவர்கள் படத்தைப் பாராமலே அதன் அழகைப் பாராட்டக்கூடிய நற்பேறு உடையவர்கள்.

இதுவரை கூறியன யாவும் தொகுப்போர் பக்கமே. இனி எம் உள்ளத்தை உறுத்தியதைக் கூறுவோம்.

ஸ்பட்டின் வண்டி எரியும் காட்சி வந்தது. பந்தயம் நில்லாது நடக்கின்றது. ஓட்டிகள் சுற்றுதோறும் அத்தீயைக் கடந்தே செல்லவேண்டும். எரியும் உடலின் நாற்றம் பொறாது விலகுவாரும் உளர். எமக்கு உடல் நடுங்கிற்று. அதுவரை கதையை விட்டோடிய பெரியவர், அவ்விடத்திற் படத்தை நிறுத்தி, வண்டியின் முன்புற அமைப்பை விளக்கத் தொடங்கினார். யாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கண்டு, "நடிப்புத்தானே தம்பி" என்றார். ஆம், நடிப்புத்தான். ஆனால் எவர் நடித்தனர்? வண்டிகளை ஓட்டியோர் அக்காலத்து மெய்யான பந்தய ஓட்டிகளே. அவர்கள் பெயரைக் கூறிப் பெருமைப்பட்டவரும் அப்பெரியவரே. விடுதிக்கு மீண்டபின் அவர்தம் வரலாற்றைத் தேடிப் படித்தோம்.

பிரெட் பிரேம் படம் வெளிவந்த அதே 1932 மே மாதத்தில் இண்டியானாபோலிஸில் வென்றார். வில்பர் ஷா 1937, 1939, 1940 ஆகிய மூவாண்டுகளில் வென்று, போருக்குப் பின் அத்தடம் பாழாகாமற் காத்தவருள் ஒருவராகி, 1954இல் விமான விபத்தில் மாண்டார். ஸ்டபி ஸ்டபிள்பீல்டு 1935இல் அத்தடத்திலே தகுதி ஓட்டத்தில் மாண்டார். ஷார்ட்டி கான்ட்லன் 1947ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மாண்டார். ரால்ப் ஹெப்பர்ன் 1948இல் அதே இடத்திற் பயிற்சி ஓட்டத்தில் மாண்டார். படத்தில் விலகிச் சென்று பிழைத்தவர், மெய்வாழ்விற் பிழைத்திலர்! நடிகர் மக்ஹியூவோ இருமுறை திரையில் எரிந்தும் பல்லாண்டு நலமே வாழ்ந்தார்.

பில்லி ஆர்னால்டின் வரலாறு எம்மை இன்னும் நிறுத்திற்று. அவரும் இப்படத்தில் தோன்றுகின்றார். 1930இல் 200 சுற்றுகளில் 198 சுற்று முன்னணியில் ஓடி வென்ற வீரர். மறு ஆண்டும் முன்னணியில் ஓடுகையில் வண்டி கவிழ்ந்தது. கழன்ற சக்கரம் வேலியைத் தாண்டிச் சென்று, வெளியே சாலைக்கு அப்பால் இருந்த சிறுவன் ஒருவனைக் கொன்றது. 1932இலும் முன்னணியில் ஓடுகையிலேயே விபத்துற்றார். இம்மூன்று ஓட்டங்களிலும் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த மெக்கானிக் ஸ்பைடர் மாட்லாக். வெற்றியிலும் உடன் இருந்தார். இரு விபத்திலும் உடன் காயமுற்றார். ஆர்னால்டு பந்தயத்தை விட்டார்; மாட்லாக் விடவில்லை. 1936 ஜனவரியில் அஸ்காட் தடத்தில் ஓட்டி ஆல் கார்டனோடு ஒரே வண்டியில் மாண்டார். ஸ்டபிள்பீல்டு மாண்ட வண்டியிலும் லியோ விட்டேக்கர் என்னும் மெக்கானிக் உடன் மாண்டார்.

இம்மெக்கானிக்குகளின் வேலை யாது? கையால் எரிபொருளை அழுத்தி ஏற்றுதல், அளவுகோல்களை நோக்குதல், டயர் தேய்வதைக் கவனித்தல், பின்னே வருவோரைத் திரும்பிப் பார்த்து ஓட்டிக்கு உணர்த்துதல். பிடித்துக்கொள்ள அவர்க்குச் சக்கரம் இல்லை. விரைவைக் குறைக்க அதிகாரமும் இல்லை. வென்றால் கோப்பையில் அவர் பெயர் இல்லை. படத்திலோ வரும் வண்டிதோறும் இரண்டு தலைகள் தெரிகின்றன. நாம் ஒரு தலையையே எண்ணுகின்றோம்.

ஆகவே எம் கருத்து இதுவாகும். கதையை விட்டுப் பின்புறத்தைப் பார்த்தல் குற்றமன்று. அங்கே வண்டியை மட்டும் பார்த்து நின்றுவிடுதலே குற்றம். கதையை நோக்குவோர் காக்னியைக் காண்பர். அவர்க்கு மற்றவர் நிழல். தொகுப்பாளரோ நிழலை நிறுத்தி உற்று நோக்கும் பொறுமை உடையவர். வண்டி எந்த ஆண்டில் எவர் பட்டறையிற் செய்ததென்று கூறவல்லார்க்கு, அதனுள் அமர்ந்தவர் எவரென்று வினவுதல் அரிதன்று. இவ்வினாவை அவரே எழுப்பாவிடின் வேறு எவர் எழுப்புவர்? பேராசிரியர்கள் ஹாக்ஸின் கலைத்திறம் பற்றி எழுதுவர். அவர்கள் நூல்களில் இம்மனிதர்க்கு இடமிராது.

இதற்கு ஒரு தடை கூறலாம். உயிரைப் பணயம் வைக்கும் ஆட்டத்தைப் பார்ப்பதே தவறு, அப்படங்களை மறக்கவிடுவதே நன்று என்பாரும் உளர். எம் வகுப்பிலும் ஒருவர் இவ்வாறு வன்மையாகப் பேசினார். ஆனால் இப்படத்தின் பெயரே அத்தடையைத் தன்னுள் அடக்கியுள்ளது அன்றோ? வண்டி கவிழ்தலைக் கண்டு கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. அக்கூட்டத்தையும் ஹாக்ஸ் நமக்குக் காட்டுகின்றார். முடிவில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ்களைக்கூடப் பந்தயம் ஓட்டி நகைக்கவைக்கின்றார். அந்நகைப்பை யாம் விரும்பவில்லை. ஆயினும் அக்காலத்து மக்கள் நகைத்தனர் என்பதற்கு அது சான்று. மறக்கவிட்டால் மாட்லாக்கையும் விட்டேக்கரையும் இரண்டாம் முறை புதைத்ததாகும்.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு மீண்டும் பெரியவரிடம் சென்றோம். சினந்துகொள்வார் என்று அஞ்சியே சென்றோம். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, நெடுநேரம் படித்தார். பின்னர் ஒன்றும் பேசாது படத்தை ஓட்டி, இண்டியானாபோலிஸ் காட்சியில் நிறுத்தி, "இவன் யாரு பார்த்தியா?" என்று ஓட்டிக்குப் பக்கத்திலிருந்த முகமொன்றைச் சுட்டினார். எமக்குத் தெரியவில்லை, அவர்க்கும் தெரியவில்லை.

அமெரிக்கச் சட்டப்படி இப்படத்தின் பதிப்புரிமை 2027ஆம் ஆண்டு இறுதியில் முடிகின்றது. அதன்பின் அந்நாட்டில் எவரும் தடையின்றிப் பிரதி எடுக்கலாம். குறிப்புரையும் சேர்த்து வெளியிடலாம். அதற்குள் காட்சிதோறும் தோன்றும் வண்டி, எண், ஓட்டி, மெக்கானிக் என்று நான்கு பத்தி வகுத்துக் குறிப்பெழுதுவதெனப் பெரியவரும் யாமும் தீர்மானித்தோம். ஞாயிறுதோறும் பிற்பகலில் அமர்கின்றோம். முதல் மூன்று பத்தியும் ஒருவாறு நிரம்பி வருகின்றன. நான்காம் பத்தியில் இன்னும் பெரும்பாலும் வெற்றிடமே.